அடிவயிற்றுச் சாம்பல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும். ஒரு விமானத்துக்கு அடித்த நிறம் சரியா தப்பா என்று, இரண்டு கண்ணிலும் புரை விழுந்த ஒருவரிடம் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். புரை இருப்பது தெரியாமல் கேட்டேன் என்றால் மன்னித்துவிடலாம். நன்றாகத் தெரியும். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதே நான்தான். புரை என்றால் எல்லாம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அந்த மங்கலுக்கென்று ஒரு நிறம் உண்டு என்பது என் புத்திக்கு எட்டவேயில்லை. இத்தனைக்கும் நிறம் பார்ப்பதுதான் என் பொழுதுபோக்கு.

அவர் என் மாமனார். என் பொழுதுபோக்கு, பிளாஸ்டிக் விமானம் ஒட்டுவது. நிஜமான போர் விமானத்தை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி, துண்டு துண்டாக அட்டைப்பெட்டியில் போட்டு விற்பார்கள். அதை வாங்கிவந்து, வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து, கடைசியில் கண்ணாடி அலமாரியில் வைத்துத் தூசு துடைக்க வேண்டும். வாரநாட்களில் பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். அங்கே போய்வர ஆகிற நேரத்தில் நிஜ விமானமே செய்துவிடலாம். சனி, ஞாயிறு லிங்கராஜபுரத்து வீட்டு பால்கனியில், துணிக்கொடிக்குக் கீழே ஒரு மடக்கு மேஜைதான் என் தொழிற்சாலை. பார்க்கிறவர்கள் எல்லோரும் பையனுக்கா சார் என்று கேட்பார்கள். எனக்குப் பையனே கிடையாது. ஒரே பெண், அவளும் மைசூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். உண்மையைச் சொன்னால் முகம் மாறுகிறது.

ஒட்டுவது பெரிய வித்தை இல்லை. நிறம்தான் ஆளைக் கொல்லும். போர் விமானங்களின் சாம்பல் நிறங்களுக்கு அதிகாரபூர்வமான பெயர்கள் உண்டு. ஒரே பெயரைப் போட்டு மூன்று கம்பெனிகள் பெயின்ட் விற்கின்றன. மூன்றையும் வாங்கிவந்து பக்கத்தில் பக்கத்தில் தீட்டினால் ஒன்று புறா, ஒன்று சிமென்ட், ஒன்று ஈரச் சிமென்ட். சரி, பழைய கலர் போட்டோவைப் பார்க்கலாம் என்றால், அது பழுத்துப்போய் விமானம், ஓடுதளம், பைலட்டின் முகம் எல்லாமே செம்மண் நிறத்தில் இருக்கும். எங்காவது நிறுத்திவைத்திருக்கும் நிஜ விமானத்தைப் போய்ப் பார்க்கலாம் என்றால், அது வெயிலில் வெளுத்ததா, பிற்பாடு யாராவது மறுபடி அடித்ததா என்று சொல்ல ஆளில்லை. வீட்டுக்குள் டியூப்லைட்டில் சரியாக இருந்த நிறம் பால்கனி வெயிலுக்கு வந்ததும் வேறு ஆளாகிவிடும்.

இதெல்லாம் போதாதென்று விமானம் ஒட்டுகிறவர்களுக்கான எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவர் இன்னொரு குண்டைப் போட்டார். நிஜ நிறம் கிடைத்தாலும் அதை அப்படியே அடிக்கக் கூடாதாம். பொம்மை சின்னது, சின்னது என்றால் தூரத்தில் இருப்பதுபோல, தூரத்தில் இருப்பது வெளிறித் தெரியும், ஆகவே வெள்ளை கலக்க வேண்டுமாம். எவ்வளவு வெள்ளை என்று கேட்டேன். அன்றைக்கு ஆரம்பித்த சண்டையில் இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். எனக்குப் பதில் கிடைக்கவில்லை. ஓட்டலில் மெனு கார்டு இரண்டு பக்கத்தைத் தாண்டினாலே பசி போய்விடுகிற ரகம் நான். என்னைப் போய் இந்தப் பொழுதுபோக்கில் யார் சேர்த்துவிட்டார்கள் என்று யோசித்தால், அதுவும் நானேதான்.

இப்படிக் குழம்பிக் கிடந்தபோதுதான் வீட்டுக்குள்ளேயே ஒரு சாட்சி இருப்பது உறைத்தது. மாமனார் ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்தவர். விமானத் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும் பிரிவில் வேலை பார்த்து ரிடையரானவர். மாமியார் போனபிறகு எங்களோடு வந்துவிட்டார். ஆனால் அதுவரை நான் ஒட்டியதெல்லாம் வெள்ளைக்காரன் விமானங்கள். அவற்றை அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பெங்களூரிலேயே செய்து பறக்கவிட்ட மாருத் போர் விமானத்தின் பெட்டி ஒன்று கிடைத்து, அதை நான் சாப்பாட்டு மேஜையில் வைத்த அன்று, மேலே இருந்த படத்தை மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இது நம்ம வண்டியாச்சே மாப்ளே," என்றார். விமானத்தை அவர் வண்டி என்றுதான் சொல்வார்.

எனக்கு லாட்டரி அடித்த மாதிரி இருந்தது. புத்தகம் வேண்டாம், போட்டோ வேண்டாம், கையால் அடித்தவரே வீட்டில் இருக்கிறார். அப்போதே வாட்ஸப் குழுவில் பெருமையடித்துவிட்டு, பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்து, மேல்பக்கத்துப் பச்சை எந்தப் பச்சை என்று ஆரம்பித்தேன்.

"மேல இன்னா கலருன்னு என்னைக் கேக்காதீங்க. மேல அடிச்சவங்க வேற செட்டு. நான் வயிறு."

உத்தியோகம் முழுக்க அவர் விமானங்களுக்கு அடியில்தான் இருந்திருக்கிறார். சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, ஸ்ப்ரே துப்பாக்கியால் அடிவயிற்றுக்குச் சாம்பல் அடிப்பது அவர் வேலை. மேல்பக்கத்தை டீ குடிக்கப் போகும்போது தூரத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் அந்த அடிவயிற்றுச் சாம்பலைப் பற்றிக் கேட்டால் குரலே மாறிவிடும். எப்படி இருக்கும் மாமா என்று கேட்டேன். மழை வரப்போகிற வானம் இல்லையாம், வந்துவிட்டுப் போன வானமாம். அடுத்த மழைக்கு ஆபீஸ் பஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மாரத்தஹள்ளி மேலே இருந்த வானம், முன்னால் நின்ற பஸ்ஸின் புகையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாதபடி இருந்தது.

கண் விஷயம் அந்தச் சமயத்தில்தான் பெரிதானது. அவர் மாடிப்படியில் கடைசிப் படியை விட்டுவிட்டுக் காலை வைத்துக் கணுக்கால் வீங்கியது ஒன்று. அதைவிட மோசமானது இன்னொன்று. ஒருநாள் காலை வெந்நீர் வைக்கப் போனவர், கேஸ் அடுப்பு எரிவது தெரியாமல் அதன்மேலேயே கையை நீட்டி லைட்டரைத் தேடியிருக்கிறார். சட்டைக் கை கருகியது. தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் என் மனைவி அன்றே அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை நன்றாக முற்றியிருக்கிறது, இன்னும் தள்ளிப்போட்டால் எடுப்பதே கஷ்டமாகிவிடும், முதலில் வலது, பிறகு இடது என்று சொன்னார்.

மாமனார் தலையை மட்டும் ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் முடியாது என்றுவிட்டார். அவருடைய அண்ணன் ரொம்ப வருஷத்துக்கு முன்னால் கண் ஆபரேஷனுக்குப் போய், போன கண்ணோடு திரும்பியவர். காலம் மாறிவிட்டது, இப்போது அரைமணி நேர வேலை என்று அவர் மகள், அதாவது என் மனைவி, எவ்வளவோ சொன்னாள். கெஞ்சினாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்தாள். கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"மாப்ளே வண்டியை முடிக்கட்டும். வயித்துக் கலரு சரியா வந்து, அதை நான் ஒரு தபா பாத்துடறேன். அப்பறம் வரேன், ஒரு கண்ணுக்கு. இன்னொண்ணு ஸ்பேர்ல இருக்கட்டும்."

இப்படியாக என் மாமனாரின் பார்வை என் பெயின்ட் பாட்டிலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மனைவி என்னைப் பார்த்த பார்வையில், கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக, என் விமானங்கள்மேல் அக்கறை இருந்தது. சீக்கிரம் முடியுங்கள் என்றாள். இந்த வாரமே என்றேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. விமானத்தில் அடிப்பதற்கு முன்னால் வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் அடித்துப் பார்ப்போம். அந்த வளைவு விமானத்தின் உடம்பைப் போலவே இருப்பதால் நிறம் எப்படி விழும் என்பது தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் சில ஸ்பூன்களுக்குச் சாம்பல் அடித்து, துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, காய்ந்ததும் மாமனாரிடம் நீட்டுவேன். வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இது களிமண் என்பார். இது சாக்கடைத் தண்ணி என்பார். எல்லா நிபுணர்களும் சரி என்று சொல்லக்கூடிய ஒரு சாம்பலை, கடல் கடந்து வந்த பாட்டிலிலிருந்து எடுத்து நீட்டியபோது, போலீஸ்காரனுக்குக் காக்கி தைக்கிறீர்களா மாப்ளே என்று கேட்டார்.

நான் அவரை நம்பினேன். அதுதான் என் விசேஷம். வெள்ளை சேர்த்தேன், கறுப்பு சேர்த்தேன், வெள்ளையை எடுக்க முடியாது என்பதால் புது பாட்டில் திறந்தேன். இன்னும் அழுக்காக இருக்கிறது என்றே சொன்னார். புத்தகம் சொல்வது ஒன்று, குழு சொல்வது ஒன்பது, கையால் அடித்தவர் சொல்வது எதிலும் சேராத ஒன்று. ஒரு கட்டத்தில் சாம்பல் என்று ஒரு நிறம் உண்மையிலேயே இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆபீஸில் ஒரு மீட்டிங்கில், எதிரே இருந்தவரின் சாம்பல் நிறச் சட்டையை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்து, பிறகு அவரிடம் காரணம் சொல்ல வேண்டியதாயிற்று.

இதே நாட்களில் வீட்டில் இன்னொரு சண்டையும் தனியாக நடந்துகொண்டிருந்தது. மாமனார் வெள்ளைச் சட்டை மட்டும்தான் போடுவார். எல்லாச் சட்டையும் மஞ்சளாகிவிட்டதாக அவர் புகார். மலிவான சோப்புத்தூள் போடுகிறாய் என்று மகளைச் சொன்னார். மகள் சோப்புத்தூளை மாற்றினாள். பிறகு தெருமுனை இஸ்திரிக்காரர்தான் சட்டையைக் கருக்குகிறார் என்று அவரோடு கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சண்டை போட்டுவிட்டு வந்தார். பால்கனியில் ஒரு பக்கம் நான் ஸ்பூனோடு நிற்பேன், மறுபக்கம் என் மனைவி சட்டையோடு நிற்பாள். இரண்டையும் அவர் அதே வெளிச்சத்தில், அதே கண்ணால் பார்த்து, அதே மாதிரி உதட்டைப் பிதுக்குவார். இரண்டு வழக்குக்கும் ஒரே நீதிபதி என்பதை நான் கவனிக்கவில்லை. அவள்தான் கவனித்தாள்.

"எங்கப்பாவுக்கு வெள்ளைச் சட்டையே மஞ்சளாத் தெரியுது. அடுப்புல நீலமா எரியுற நெருப்பே தெரியல. அவர்கிட்டப் போய்ச் சாம்பல் சரியான்னு கேக்குறீங்களே, உங்களை நம்பி ஆபீஸ்ல எப்படிங்க வேலை குடுத்தாங்க?"

என் கையில் அப்போது ஐந்தாறு ஸ்பூன்கள் இருந்தன. அவற்றைக் கீழே வைப்பதா, பின்னால் மறைப்பதா என்று தெரியவில்லை. இருவருமாக டாக்டரம்மாவுக்குப் போன் போட்டோம். ஆமாம், முற்றிய புரை மஞ்சள் கண்ணாடி மாதிரிதான், நீலத்தை முழுங்கிவிடும், உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார். சொல்லியிருப்பார்கள். நான் அப்போது ஆஸ்பத்திரிச் சுவரின் சாம்பலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

சிக்கல் எவ்வளவு அழகானது என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது. கண்ணில் புரை இருக்கிறவரை அந்தச் சாம்பல் அவருக்குச் சாம்பலாகத் தெரியாது. அது சாம்பலாகத் தெரியாதவரை அவர் புரையை எடுக்க விடமாட்டார். பக்குவமாக எடுத்துச் சொல்லிப் பார்த்தோம். கண் மங்கல்தான், கலர் எங்கும் போகவில்லை, இத்தனை வருஷம் அடித்தவனுக்குத் தெரியாதா என்று கோபித்துக்கொண்டு அன்று சாப்பாட்டில் மோரே ஊற்றிக்கொள்ளவில்லை.

வழி சொன்னதும் என் மனைவிதான். அவர் கண்ணுக்கு எது சரியாகத் தெரியுமோ அதை அடித்துக் கொடுத்துவிடுங்கள் என்றாள். அதாவது தப்பான நிறத்தை. தெரிந்தே. எங்கள் கூட்டத்தில் பசையை வழியவிட்டாலும் மன்னிப்பு உண்டு, தெரிந்தே தப்பான நிறம் அடித்தவனைப் பற்றி நான் கேள்விப்பட்டதேயில்லை.

"உங்களுக்கு வண்டி சரியா இருக்கணுமா, எங்கப்பா கண்ணு சரியா இருக்கணுமா?"

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் கண்ணால் நான் பார்க்க வேண்டும். முதலில் ஒரு பழைய இருமல் மருந்து பாட்டிலைக் கழுவிக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். உலகமே கஷாயமாகத் தெரிந்தது. பிறகு ஸ்வீட் பெட்டியின்மேல் சுற்றிவருகிற மஞ்சள் கண்ணாடித்தாளை மடித்து என் மூக்குக்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டேன். அதன் வழியே பார்த்ததும், நிபுணர்களின் சாம்பல் ஸ்பூன் அசல் காக்கியாக இருந்தது. மாமனார் ஒருநாளும் பொய் சொல்லவில்லை. அந்தத் தாளோடு உட்கார்ந்து, நீலம் சேர்த்து, வெள்ளை சேர்த்து, இன்னும் நீலம் சேர்த்து, மழை வந்துவிட்டுப் போன வானம் போலத் தெரிகிறவரை கலக்கினேன். எதிர்வீட்டு அம்மா, உங்கள் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையா என்று என் மனைவியிடம் கன்னடத்தில் விசாரித்ததாகப் பிறகு தெரிந்தது. தாளைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். மேஜைமேல் நர்சரி பள்ளிக்கூடச் சுவர் நீலத்தில் வயிறுள்ள ஒரு போர் விமானம் நின்றிருந்தது. எதிரி அதைப் பார்த்தால் சுடமாட்டான், மிட்டாய் கொடுப்பான்.

காய்ந்ததும் மாமனாரின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதை நேராகப் பிடிக்கவேயில்லை, உடனே மல்லாக்கத் திருப்பினார். வயிற்றின்மேல் கட்டைவிரலை முன்னிருந்து பின்னாகத் தடவிக்கொண்டு போனார். பிறகு மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ம். இதான்," என்றார். பிறகு மகளைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரியில் நாள் கேட்கச் சொன்னார்.

அடுத்த விபத்தும் என் தரப்பில்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, போட்டோ எடுத்து உங்கள் ஆட்களுக்கு அனுப்புங்கள் என்று சொன்னதால், குழுவில் போட வேண்டியதாயிற்று. என்ன இந்த நீலம் என்று கேலி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பிறகு ஒருவர், தொழிற்சாலையில் கையால் அடித்தவரே பார்த்துச் சரி சொன்னாரா என்று கேட்டார். சொன்னார் என்றேன், அது உண்மைதானே. அப்படியானால் என்னுடையதை மாற்றி அடிக்கிறேன் என்று எழுதினார். இன்றைக்கும் ஊரின் அந்தக் கோடியில் ஒரு வீட்டு அலமாரியில் இன்னொரு நீல வயிறு இருக்கிறது. அவரிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

ஆபரேஷன் அன்று மாமனாருக்குப் பச்சை அங்கி மாட்டி, தலைக்குத் தொப்பி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். அவருடைய கண்ணாடியை நான் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணனையும் இப்படித்தான் தொப்பி போட்டு உள்ளே கூட்டிப்போனார்கள் என்று மெதுவாகச் சொன்னார். ஏதாவது ஜோக் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு, அவருடைய கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தேன். என் மனைவி அவர் கையை, கதவுவரைக்கும் விடவில்லை.

நன்றாகவே முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் அவர் முதலில் பார்த்தது மகளை.

"இன்னாம்மா, தலை இவ்ளோ நரைச்சிப் போச்சு?" என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள், பிறகு ஆட்டோவில் வரும்போது கொஞ்சம் கோபமும் பட்டாள்.

வீட்டுக்கு வந்தவர் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கி, மடித்துவைத்த சட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தெருமுனைக்குக் கூட்டிப்போகச் சொல்லி, உன்மேல் தப்பில்லையப்பா என்று இஸ்திரிக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார். மகளிடம் சோப்புத்தூளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவள் போட்ட காபியை நன்றாயிருக்கிறது என்றார். இடது கண்ணுக்கு எப்போது போகலாம் என்று அவள் அந்த நேரம் பார்த்துக் கேட்டாள். காதில் விழாததுபோல டம்ளரை வைத்துவிட்டு, வண்டி எங்கே என்றார்.

நான் அதை ஃப்ரிட்ஜுக்கு மேலே, பழைய பாத்திரத்துக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன். கண்ணுக்கு மருந்து விட்டிருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்றேன். தூசு இருக்கிறது என்றேன். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கொண்டுவந்து கொடுத்தேன். பால்கனிக்கு எடுத்துக்கொண்டு போனார், மல்லாக்கத் திருப்பினார், புதுக் கண்ணால் பார்த்தார். பிறகு வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தார். மறுபடி கையை மாற்றினார். நீலம், சாம்பல், நீலம், சாம்பல் என்று என் மோசடி முழுவதும் அவர் கைக்குள்ளேயே மாறி மாறி நடப்பதை நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே வண்டி, ஒரே வெளிச்சம், ஒரே மனிதர். இனி யாரிடம் போய் எந்த நிறத்தைக் கேட்பது என்று எனக்கே தலை சுற்றியது. என் மனைவியும் வந்து பின்னால் நின்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் தாள், நீலம், அவளுடைய யோசனை, என்னுடைய கை என்று ஒன்றையும் விடவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை, அது இன்னும் குழப்பியது. எதையாவது சரிசெய்ய வேண்டுமே என்று, வேறு வழி தெரியாமல் உள்ளே போய் பெயின்ட் டப்பாவை எடுத்துவந்து மேஜையில் வைத்தேன்.

"மாமா, இப்ப எந்தக் கண்ணுக்குச் சரியா அடிக்கட்டும்?" என்றேன்.

"அந்தக் கண்ணையும் முடிச்சுக்கினு வரேன், அதுவரைக்கும் பிரஷ்ஷைத் தொடாதீங்க."